காசிமிரின் வலது பெடல்

ஐம்பத்தெட்டு வயதில், பட்டப்பகலில், சர்ச் முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற நேரமாகப் பார்த்து, சைக்கிளோடு நடுரோட்டில் சாய்வது எப்படி என்று யாருக்காவது தெரியவேண்டுமானால் என்னிடம் கேட்கலாம். ஏப்ரல் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. ஃபிராங்க்ளின் அவென்யூ சிக்னல். சிவப்பு விழுந்தது. வேகத்தைக் குறைத்து ஓரமாக வந்தேன். வலது கையை நீட்டிப் பக்கத்திலிருந்த தோளைப் பிடித்தேன்.

பக்கத்தில் தோள் இல்லை.

சைக்கிளும் நானுமாக வலது பக்கம் சாய்ந்தோம். முதலில் முழங்கை, அப்புறம் இடுப்பு, கடைசியில் மானம். விழுந்தவள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு நடையைக் கட்டியிருந்தாலாவது பரவாயில்லை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் பெடலில் மாட்டியிருந்தன. என்னுடையது கிளிப்லெஸ் பெடல். ஷூவின் அடியில் ஒரு சின்ன இரும்புத் துண்டு திருகியிருக்கும். மிதித்தால் பெடல் அதை டக்கென்று கவ்விக்கொள்ளும். குதிகாலை வெளிப்பக்கமாகத் திருப்பினால் விட்டுவிடும். விட வேண்டும். ஆனால் நான் அதன் ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்க முடியுமோ அவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன்.

சூட் போட்ட ஒரு பெரியவர் ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் தொப்பி வைத்த மனைவி.

"என்னம்மா, நெஞ்சு வலியா?"

"இல்லங்க, கால் மாட்டிக்கிச்சு."

"அப்ப எடுங்களேன்."

"எடுக்க வந்தா எடுக்க மாட்டேனா? ரோட்டுல படுத்துக்கிட்டு வேடிக்கையா பாக்கறேன்?"

"கோவம் வருதுல்ல, அப்ப உசுருக்கு ஒண்ணுமில்ல" என்றாள் அவர் மனைவி.

பெரியவரே குனிந்து என் ஷூ நாடாவை அவிழ்த்து, காலை மட்டும் உருவி எடுத்துவிட்டார். ஷூக்கள் பெடலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. வெறும் காலுறையோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அழுகை வந்தது. முழங்கை எரியத்தான் செய்தது, ஆனால் அழுகைக்குக் காரணம் என் கை. கேட்காமல் கொள்ளாமல் அது பாட்டுக்கு நீண்டதே, அதை நினைத்துத்தான் அழுதேன்.

அந்தக் கை தேடிய தோள் காசிமிர் சோப்சாக்குடையது. வயது எழுபத்தொன்று. நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

பதினொரு வருடத்துக்கு முன்னால், டானிக்காவின் சைக்கிள் கடையிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கூட்டம் கிளம்பும். எல்லாருமே ஃபிக்ஸட் சைக்கிள்காரர்கள். இந்தச் சைக்கிளில் சக்கரம் சுற்றுகிற வரைக்கும் பெடலும் சுற்றும். மற்றவர்களைப் போல மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா உருண்டு போக முடியாது. கால் ஓய்ந்தால் வண்டியும் ஓயும். எதற்கு இந்த வம்பு என்று கேட்பவர்களுக்கு எங்களில் யாரும் இதுவரை உருப்படியாகப் பதில் சொன்னதில்லை. ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

நான் அப்போதுதான் விவாகரத்து முடிந்து, பழைய வாழ்க்கையில் இல்லாத எதையாவது செய்தாக வேண்டும் என்ற வீம்பில் அந்தக் கூட்டத்தில் போய்ச் சேர்ந்திருந்தேன். முதல் ஞாயிறு, முதல் சிக்னல். சிவப்பு. மற்றவர்களெல்லாம் காலை ஊன்றாமல், வண்டியை முன்னும் பின்னும் அசைத்தபடி, நின்ற இடத்திலேயே பேலன்ஸ் பண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். எனக்குக் காலைக் கழற்றவும் வரவில்லை, நிற்கவும் வரவில்லை. சாயப்போகிற நேரத்தில் பக்கத்தில் எந்தத் தோள் இருந்ததோ அதைப் பிடித்தேன். அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் வலது காலை நடைபாதை ஓரக்கல்லில் ஊன்றி நின்றிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை" என்றார். கையை எடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த சிக்னலிலும் அவர் அதே மாதிரி எனக்கு வலது பக்கம் வந்து நின்றார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கப்புறம் எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே வந்ததில்லை. அவர் ஓரத்தில் நின்று காலை ஊன்றுவார், நான் தோளைப் பிடித்துக்கொள்வேன், அவர் "பச்சை" என்பார். நான் சிக்னலைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். ஆற்றைப் பார்ப்பேன், நாய்களைப் பார்ப்பேன், எதிர்வீட்டுத் திரைச்சீலையின் நிறத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்வேன். பச்சை விழுவது அவர் பொறுப்பு.

கூட்டம் வருடத்துக்கு வருடம் கரைந்தது. சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலர் ஊர் மாறினார்கள், சிலர் முழங்கால் வலி என்று கியர் சைக்கிளுக்குப் போய்விட்டார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேர்தான். சனிக்கிழமை சாயங்காலம் யாராவது ஒருவர் ஃபோன் செய்வோம்.

"நாளைக்கு?"

"நாளைக்கு."

அவ்வளவுதான் பேச்சு. மிசிசிப்பிக் கரையோரமாகப் போய், பாலம் தாண்டி, அந்தப் பக்கமாகத் திரும்பி வருவோம். நான் பல் சுத்தம் செய்கிற வேலையில் இருப்பவள். வாரம் முழுக்க நான் பேசுவேன், எதிரில் இருப்பவர்கள் வாயைப் பிளந்தபடி ஆங் ஆங் என்பார்கள். திரும்பப் பேசுகிற ஒரே வாய் காசிமிருடையதுதான். அவர் என்னைப் "பல்லம்மா" என்று கூப்பிடுவார். வேறு யாராவது கூப்பிட்டிருந்தால் நடக்கிறதே வேறு.

போன செப்டம்பரில் அவருக்கு இடது இடுப்பு போய்விட்டது. அக்டோபரில் ஆபரேஷன். "வசந்தத்துல வந்துடுவேன், பல்லம்மா. இடத்தை யாருக்கும் குடுத்துடாத" என்று ஃபோனில் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்றேன். எதற்கு அலைச்சல் என்றார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் வரலாம் என்று அர்த்தமா, வேண்டாம் என்று அர்த்தமா என்று கண்டுபிடிக்க ஆயுசு போதாது. நான் போகவில்லை. ஆனால் பனிக்காலம் முழுக்கச் சனிக்கிழமை ஃபோன் மட்டும் நிற்கவில்லை.

"நாளைக்கு?"

"நாளைக்கு இல்ல. வசந்தத்துல."

"இடுப்பு எப்படியிருக்கு?"

"அவ்வளவு மோசமில்ல."

அப்புறம் பனி எத்தனை அங்குலம், யார் வீட்டுக் கார் புதைந்தது என்று ஏதோ பேசுவோம். அந்தப் பேச்சு வரவர நீண்டுகொண்டே போனது. அதைக்கூட நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஏப்ரலில் பனி கரைந்து, வழுக்காமலிருக்கப் பனியில் தூவியிருந்த மணலை மாநகராட்சி வண்டி தெருவிலிருந்து கூட்டி அள்ளிக்கொண்டு போன மறுநாள், நானே கூப்பிட்டேன். "இன்னும் ரெண்டு வாரம்" என்றார். ரெண்டு வாரம்தானே என்று நான் மட்டும் கிளம்பிப் போனேன். போன கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முழங்கையில் கட்டோடு டானிக்காவின் கடைக்குப் போனேன். டானிக்கா நாற்பதைத் தாண்டியவள். இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை பச்சை குத்தியிருப்பாள், எல்லாம் மீன்கள். கட்டைப் பார்த்ததுமே சிரித்துவிட்டாள்.

"எந்த சிக்னல்?"

"ஃபிராங்க்ளின்."

"கூட்டம் இருந்துச்சா?"

"ஒரு சர்ச்சே இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு பெடலைக் காட்டு."

அவள் மேசைமேல் ஒரு துணியை விரித்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். ரேஸ்காரர்கள் மாட்டுகிற பெரிய பெடல் ஒன்று. அது ஒரு பக்கம்தான் கவ்வும். சாதாரண சைக்கிள் என்றால் காலை ஓய்த்துவிட்டுப் பெடலைப் புரட்டிப் பார்த்து மாட்டிக்கொள்ளலாம். எங்கள் வண்டியில் பெடல் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்தப் பக்கம் மேலே இருக்கிறது என்று அதைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது. வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்தது ஒரு பக்கம் கொக்கி, மறுபக்கம் சாதாரணத் தட்டை. அதையும் தள்ளினேன்.

"அப்ப பழைய மாதிரி காலை நுழைக்கிற கூண்டும் தோல் வாரும் போட்டுக்கறீங்களா? வாரை இழுத்தா கால் வந்துடும்."

"வாரை இழுக்க ஒரு கை வேணுமே, டானிக்கா. ஹேண்டில் பாரை யாரு பிடிப்பா?"

"அப்ப இதான்." இரண்டு பக்கமும் கவ்வுகிற சின்ன இரும்புப் பெடல். என்னிடம் இருக்கிற அதே ஜாதி, புதியது. "ஷூவுக்கு அடியில வேற துண்டு போட்டுத் தரேன். காலை எந்தப் பக்கம் திருப்பினாலும் விட்டுடும். ஸ்பிரிங்கையும் தளர்த்தி வைக்கலாம். தனியா ஓட்டறவங்க எல்லாரும் இதான் போடறாங்க."

"நான் தனியா ஓட்டல."

"சரி. யாரோட ஓட்டறீங்க?"

"இதென்ன கேள்வி? காசிமிரோட. ரெண்டு வாரத்துல வந்துடுவாரு. அதுவரைக்கும் சமாளிக்கத்தான் கேக்கறேன்."

டானிக்கா துணியை ஒரு தடவை மடித்தாள், மறுபடி விரித்தாள். எதிராளி வாயைத் திறக்காமல் இருந்தால் நான் வேறு எங்காவது மூக்கை நுழைத்துவிடுவேன், அது என் சுபாவம். மேசைக்குக் கீழே பழைய சாமான் பெட்டி இருந்தது. செயின், மணி, தேய்ந்த பிரேக் கட்டை எல்லாம் கிடக்கிற பெட்டி. குனிந்து அதைக் கிளற ஆரம்பித்தேன்.

"அதுல ஒண்ணும் இல்ல, மார்லிஸ். எல்லாம் குப்பை."

"குப்பைன்னா எதுக்குப் பதட்டப்படறே?"

அடியில், ஒரு காலுறைக்குள் சுற்றி, ஒரு ஜோடி பெடல் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். திருகுகளின் தலையில் மஞ்சள் பெயிண்டால் ஒரு மெல்லிய கோடு இழுத்திருந்தது. பேருந்து மெக்கானிக்குகள் போடுகிற கோடு அது. திருகையும் அது உட்கார்ந்திருக்கும் இடத்தையும் சேர்த்துக் கோடு போட்டுவிட்டால், திருகு துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். காசிமிர் தன் சைக்கிளில் எல்லாத் திருகிலும் போடுவார். என் சைக்கிளில் போடவந்தபோது நான் விரட்டியடித்தேன்.

"எப்ப கொண்டு வந்தாரு?"

"மார்லிஸ்..."

"எப்ப?"

"அக்டோபர்ல. ஆபரேஷனுக்கு முந்தின வாரம். டாக்டர் இனிமே ஓட்டவே கூடாதுன்னு சொல்லிட்டாராம். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். அப்புறம் தெரியலன்னு தெரிஞ்சுது. நான் எப்படிச் சொல்ல? விக்கவும் மனசு வரல. அதான் அடியில போட்டு வெச்சேன்."

அக்டோபரில். வசந்தத்தில் வருகிறேன் என்று அவர் சொன்னதும் அக்டோபரில்தான். அப்போதே தெரியும் அவருக்கு. பனிக்காலம் முழுக்க, வாராவாரம், தெரிந்தே சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் என் கைக்கு வேலை வேண்டும். டானிக்காவின் ஆலன் கீயை எடுத்து இடது பெடலின் ஸ்பிரிங் திருகில் வைத்துப் பார்த்தேன். இறுக்கமென்றால் அப்படியொரு இறுக்கம், என்னுடையதைப் போலவே. வலது பெடலில் வைத்தேன். அடிமட்டம் வரைக்கும் தளர்த்தியிருந்தது. கட்டை விரலால் அழுத்தினாலே கொக்கி திறந்தது.

"ஒண்ணு இப்படி, ஒண்ணு அப்படியா?" டானிக்கா எட்டிப் பார்த்தாள். "பாவம், இடுப்பு வலியில தளர்த்தியிருப்பாரு."

"இடுப்பு வலி இடது பக்கம்."

அதோடு, அந்த மஞ்சள் கோடு நேற்றுப் போட்டதில்லை. வெளிறி, எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, மேலே கீறல் விழுந்து, வருடக்கணக்காக உடையாமல் இருந்தது. வலது கால் ஓரக்கல்லில் ஊன்றுகிற கால். எல்லா சிக்னலிலும் அவர் கழற்றியது அந்தக் காலை. ஓடுகிற பெடலிலிருந்து இறுக்கமான கொக்கியைக் கழற்றுவது லேசில்லை, ஒரு தடவை தவறினால் இரண்டு பேரும் சேர்ந்து விழுவோம். அதற்காகத்தான் அதைத் தளர்த்தி, நகராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளக் கோடும் போட்டு வைத்திருக்கிறார். என் காலை நான் இஷ்டத்துக்கு இறுக்கிக்கொள்ள முடிந்தது அதனால்தான். மேடேறும்போது அவர் வலது கால் நழுவும், "வயசாச்சுல்ல" என்று நான் கிண்டல் பண்ணுவேன். அவரும் சிரிப்பார்.

"இதை எடுத்துக்கறேன்" என்றேன்.

"புதுசு நல்லா இருக்கும், மார்லிஸ்."

"தெரியும்."

கடையிலிருந்து நேராக, காசிமிர் வீடு இருக்கிற நார்த்ஈஸ்ட் பகுதிக்குப் பஸ் ஏறினேன். பதினொரு வருடத்தில் அவர் வீட்டு வாசலுக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன், இரவல் வாங்கின பம்ப்பைத் திருப்பித் தர. உள்ளே போனதில்லை. மனைவி பெர்னடின் இறந்துபோனதும், பிள்ளைகள் இல்லை என்பதும் தெரியும். வீட்டில் எந்த நாற்காலியில் உட்காருவார் என்பது தெரியாது.

கதவைத் திறந்தவர் ஒரு வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதியாக இளைத்திருந்தார். வாக்கரின் நாலு திருகிலும் மஞ்சள் கோடு போட்டிருந்தார்.

"பல்லம்மா! என்ன இந்தப் பக்கம்?"

"சும்மாதான்."

"கையில என்ன கட்டு?"

"அவ்வளவு மோசமில்ல."

சமையலறை மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். காபி வேண்டுமா என்றார், வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டார், சிரமம் வேண்டாம் என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது, அரை கோப்பை போதும் என்றேன். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியில் இரண்டு துண்டு வெட்டி வைத்தார். அதற்கப்புறம் பேச எங்களிடம் ஒன்றுமே இல்லை. அவர் முகத்தை நான் பார்க்கிறேன், என் முகத்தை அவர் பார்க்கிறார். இந்த மனிதரின் முகத்தை இவ்வளவு நேரம் நேருக்கு நேர் நான் பார்த்ததே இல்லை. கண் இரண்டும் சாம்பல் நிறம் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரோ அந்நிய மனிதர் வீட்டுக்கு வந்து ரொட்டி தின்கிற மாதிரி எனக்குக் கூச்சமாகிவிட்டது. கடையில் ஏறிய கோபம் எங்கே போயிற்றென்று தேடவேண்டியிருந்தது.

"நாளைக்கு மழை வரும்னு ரேடியோவுல சொல்றான்" என்றார்.

"மழை கிடக்கட்டும்." பையிலிருந்து பெடலை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு விரலால் பெடலைச் சுற்றிவிட்டார். அது சத்தமில்லாமல் சுற்றியது.

"டானிக்கா சொன்னாளா?"

"பெடல்தான் சொல்லிச்சு. அக்டோபர்லயே தெரிஞ்சும் எதுக்கு வசந்தத்துல வரேன், வசந்தத்துல வரேன்னு புளுகினீங்க? நான் என்ன சின்னக் கொழந்தையா, மிட்டாய் தரேன்னு ஏமாத்த? நான் போய் ரோட்டுல விழுந்து கிடக்கேன். இல்லாத தோளைப் பிடிக்கப் போய்!"

அவர் வாயைத் திறந்தார், மூடினார். வேலையிடத்தில் என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் செய்வதையே செய்தார். எதிரில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் இந்த மனிதரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது என்று எனக்குத் திடீரென்று பட்டது. எழுந்தேன். என் நாற்காலியை இழுத்து, அவருக்கு இடது பக்கம், அவர் பார்க்கிற திசையிலேயே போட்டு உட்கார்ந்தேன். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற ரப்பர் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

"இவன் வருஷா வருஷம் அந்தக் குழாயை வெளியவே விட்டுடுவான். பனியில வெடிச்சுடும்" என்றார் காசிமிர்.

"உருப்படியா ஒரு ஆளைப் பக்கத்து வீட்டுல பாக்க முடியாது."

"ஆமா." பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "வர மாட்டேன்னு சொல்லிட்டா நீ எதுக்கு ஃபோன் பண்ணுவே?"

நான் ரொட்டியில் ஒரு துணுக்கைக் கிள்ளினேன்.

"யோசிச்சுப் பாரு. நாளைக்கான்னு கேக்கத்தான் பண்றே. நாளைக்கு இல்ல, என்னைக்குமே இல்லன்னுட்டா, அடுத்த சனிக்கிழமை எதைக் கேப்பே? நமக்குள்ள வேற என்ன இருக்கு? நீ என் வீட்டுக்குள்ள வந்ததே இன்னைக்குத்தான்."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"கூப்பிடல. நீயும் கூப்பிடல."

"பண்ணியிருப்பேன். ஃபோன் பண்ணியிருப்பேன்" என்றேன். சொல்லும்போதே அது நிஜமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாள் பண்ணியிருப்பேன். பிறகு மாதத்துக்கு ஒருமுறை. பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை.

"இங்க ஒரு பொண்ணு வரா, உடற்பயிற்சி சொல்லிக்குடுக்க" என்றார். "இடுப்பு எப்படி, இடுப்பு எப்படின்னு அதையேதான் கேக்கறா. டாக்டரும் அதான். இடுப்புக்கு என்ன, கிடக்கு. இந்தத் தோளைப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. ஏழு மாசமா இதுமேல ஒரு கை படல, பல்லம்மா. ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா லேசா அலைபாயுது. கிறுக்கு மாதிரி இருக்கு, இல்ல?"

கிறுக்கில்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "இருக்கு" என்றேன்.

அவர் சிரித்தார். மேசைமேல் இருந்த பெடலைக் காட்டி, "இதை மாட்டப்போறியா?" என்றார்.

"ஆமா."

"இடதையும் தளர்த்திடு. தனியா ஓட்டறப்ப ரெண்டும் தளர்வா இருக்கணும்."

"இடது அப்படியே இருக்கட்டும். வலதை ஊன்றினா போதாதா? இடது பக்கம் யாராவது வந்து பிடிச்சாங்கன்னா, அப்ப நான் ஆடாம நிக்க வேணாமா?"

"யாரு வரப்போறா?"

"பதினொரு வருஷத்துக்கு முன்னாடி நான் வரலயா?"

கிளம்புகிறேன் என்று எழுந்தேன். எங்கள் ஊரில் கிளம்புகிறேன் என்று சொன்னதற்கப்புறம் அரைமணி நேரமாவது வாசலில் நின்று பேசிவிட்டுத்தான் கிளம்புவோம். அவரால் வாசல்வரை வந்து அவ்வளவு நேரம் நிற்க முடியாது. அதனால் நான் அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்றேன். வலது கையை அவர் இடது தோளில் வைத்தேன். சட்டைக்கு அடியில் எலும்பு தட்டுப்பட்டது. முன்னே அங்கே சதை இருந்தது. வழக்கமான இடத்தில்தான் வைத்தேன், வழக்கமான பாரத்தைத்தான் கொடுத்தேன். இரண்டு பேரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் குழாயைத் தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அதன் பிறகும் நின்றோம்.

"பச்சை" என்றார் காசிமிர்.

நான் கையை எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ஃபோன் செய்தேன். "நாளைக்கு?" என்று கேட்க வாய் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டு, "நாளைக்குப் போறேன்" என்றேன். "போ. ஃபிராங்க்ளின்ல பாத்து" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் லைனிலேயே இருந்தோம். வைத்துவிட்டோம்.

ஞாயிறு வெயில் நன்றாக அடித்தது. ஆற்றங்கரையில் நாய்களும் தள்ளுவண்டிக் குழந்தைகளுமாக ஊரே வெளியே வந்திருந்தது. காசிமிரின் பெடலில் என் கால் பொருந்த ஒரு மைல் ஆயிற்று. வலது கால் மேட்டில் இரண்டு தடவை நழுவியது. கிண்டல் பண்ண ஆள் இல்லை.

ஃபிராங்க்ளின் சிக்னலில் சிவப்பு. இந்தத் தடவை சிக்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெடல் கீழே வருகிற நேரம் பார்த்து வலது குதிகாலைத் திருப்பினேன். கொக்கி உடனே விட்டது. காலை ஓரக்கல்லில் ஊன்றினேன். ஆடாமல் நின்றேன். கல்லின் விளிம்பில் கறுப்பாக ஒரு தேய்மானம் இருந்தது. எத்தனையோ பேர் கால் பட்டிருக்கும், அவர் கால்தான் என்று சொல்ல முடியாது.

இடது பக்கம் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அதுவும் ஃபிக்ஸட். ஓட்டியவள் சின்னப் பெண், காதில் பாட்டுக் கேட்கிற கருவி. காலைக் கழற்றாமல் முன்சக்கரத்தை ஒடித்து, முன்னும் பின்னும் அசைந்து பேலன்ஸ் பண்ணினாள். அவ்வளவு நன்றாக வரவில்லை. தடுமாறினாள்.

"தோளைப் பிடிச்சுக்கோ" என்றேன்.

அவள் ஒரு காதிலிருந்து கருவியை எடுத்தாள். "என்னது?"

"பிடிச்சுக்கோன்னேன். நான் நல்லா ஊன்றிக்கிட்டுத்தான் நிக்கறேன்."

"இல்ல, பரவாயில்லங்க. எனக்கு நிக்க வரும்" என்று சிரித்துவிட்டு, கருவியை மறுபடி காதில் வைத்துக்கொண்டாள்.

நான் தோளை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். அவள் மனசு மாறி ஒருவேளை கையை நீட்டினால் எட்ட வேண்டுமே என்று, அவளுக்குத் தெரியாமல் கொஞ்சம் அவள் பக்கம் சாய்ந்துகூட நின்றேன். ஒரு நாய் கடந்து போனது. எதிர்வீட்டில் திரைச்சீலையை மாற்றியிருந்தார்கள், நீல நிறம். அந்த நிறம் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லத் திரும்பினேன், வலது பக்கம்.

பிறகு சிக்னலைப் பார்த்தேன்.

"பச்சை" என்றேன்.

அவள் அதற்குள் பாலத்தை எட்டியிருந்தாள்.